சக்கர நாற்காலியில் சைவ ஹோட்டலுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போனில் "ராம்ப் இருக்கா?" என்று கேட்பதுதான் முதல் தவறு. "இருக்கு சார், வாங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் கேஸ் சிலிண்டர் ஏற்றுவதற்குப் போட்ட செங்குத்துச் சரிவாக இருக்கும். எனக்கு நடந்திருக்கிறது. நாலு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அன்று சாப்பாடு இறங்கவே இல்லை. "வாசல்ல எத்தனை படி, என்ன உயரம்?" என்று கேளுங்கள். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது சரிவுக் கணக்கு. ஆறு அங்குலப் படி ஒன்றுக்கே ஆறு அடி வேண்டும். வாசலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. ஏசி ஹால் மாடியில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

பல ஹோட்டல்களில் மேஜையும் பெஞ்சும் தரையோடு பதித்திருக்கும். நமக்குக் கிடைப்பது மேஜையின் முனை, அதாவது சாம்பார் வாளி போய்வரும் வழி. மதியக் கூட்டத்தில் அங்கே உட்காராதீர்கள். மீல்ஸ் தொடங்கியதுமே போய்விட்டால் நகர்த்தக்கூடிய நாற்காலி போட்ட மேஜையாகப் பார்த்துப் பிடிக்கலாம்.

முழங்கால் உள்ளே நுழையவில்லை என்று தட்டை மடியில் வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது. தண்டுவடக் காயத்தால் தொடையில் உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் சூடான சாம்பார் கொட்டினாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து உடை மாற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அந்தப் புண் ஆறுவதற்குள் படுகிற பாடு பட்டவர்களுக்குத்தான் தெரியும். காபி டபராவைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு சக்கரம் தள்ளுவதும் வேண்டவே வேண்டாம்.

கை கழுவுவதில் ஒரு சிக்கல் உண்டு. தெருவில் உருண்டு வந்த சக்கரத்தைத் தள்ளிய கையால்தான் சாப்பிடப் போகிறோம். குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவினாலும், மேஜைக்குத் திரும்ப மறுபடி அதே சக்கரத்தைத் தொட்டாக வேண்டும். அதனால் மேஜைக்கு வந்தபிறகு கழுவுங்கள். பையில் சோப்பும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். கிண்ணம் கேட்டால் தருவார்கள். ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் அடி ரப்பரைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்த ரப்பர் அந்த ஈர டைல்ஸில் வழுக்கிவிடும்.

கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். சிறுநீர்த் தொற்றுக்கு அதுவே வழி. கழிப்பறைக் கதவு என்ன அகலம், உள்ளே படி உண்டா என்று போனிலேயே கூச்சமில்லாமல் கேளுங்கள்.

உள்ளே போக வழியில்லை என்றால் பேசாமல் திரும்பி வருவதும் தவறே. மாற்றுத்திறனாளிகளும் அணுகும்படி சேவை தர வேண்டும் என்கிற, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 46ஆம் பிரிவு தனியார் சேவைகளுக்கும் பொருந்தும். அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. கல்லாவில் இருப்பவரிடம் இதை நிதானமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கடைசியாக, உடன் வருபவர்களுக்கு. பார்வையற்றவரோடு போனால் தட்டில் எந்தக் கிண்ணம் ரசம், எது பாயசம் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். சர்வர் உங்களைப் பார்த்து "அண்ணனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். என் தங்கை வாயே திறக்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். சர்வரும் என் பக்கம் திரும்புவார். "ரவா தோசை, நல்லா முறுகலா" என்று நானே சொல்வேன்.