வளையைப் பாருங்கள், டரான்டுலா தானாகத் தெரியும்

கொஞ்சம் பெரிய எட்டுக்கால் பூச்சியைக் கண்டாலே படம் எடுத்து, ‘அண்ணாச்சி, இது டரான்டுலாவா?’ என்று வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். டரான்டுலா என்றால் மயிரடர்ந்த பெரிய சிலந்தி வகை; படத்தில் இருப்பது பெரும்பாலும் அது இல்லை. நம்ம திருநெல்வேலிப் பக்கத்து விளையிலேயே இதைக் கண்டுபிடிக்கப் பழகலாம். ஆனால் பூச்சியைத் தேடாதீர்கள், அது குடியிருக்கிற இடத்தைத் தேடுங்கள்.

படி 1: டார்ச். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போங்கள். கால் முழுக்க மூடுகிற ஷூ கட்டாயம், கட்டுவிரியனும் அதே நேரத்தில்தான் உலாத்தும். களக்காடு முண்டந்துறை காட்டுக்குள் இருட்டில் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது, சொந்தத் தோட்டம் போதும். டார்ச்சைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துத் தரையில் அடித்தால் பனித்துளி மாதிரி பச்சையாக மின்னுகிறதா? அது ஓநாய்ச் சிலந்தி, முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு திரியுமே, அதுதான். டரான்டுலாவின் எட்டுக் கண்ணும் தலைமேல் ஒரு சின்ன மேட்டில் நெருக்கியடித்து இருக்கும், அப்படி மின்னாது. வேடிக்கை என்னவென்றால், டரான்டுலா என்ற பெயரே இத்தாலியில் டாரன்டோ ஊர்ப்பக்கத்து ஓநாய்ச் சிலந்திக்கு வைத்த பெயர்! வீட்டுச் சுவரில் நண்டு மாதிரி காலை விரித்துத் தட்டையாக ஒட்டியிருப்பதும் வேறு ஜாதி, கரப்பான் தின்னும், விட்டுவிடுங்கள்.

படி 2: பொந்துகள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுவார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். சின்ன வயதில் வரப்பில் ஒரு பொந்துக்குள் குச்சியை விட்டு ஆட்ட, கருகருவென்று நட்டுவாக்காலி கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது, அன்றைக்கு ஆச்சியிடம் வாங்கிய ஏச்சு இன்னும் மறக்கவில்லை. வயல் நண்டு வளை என்றால் வாயில் ஈரமண் உருண்டை கிடக்கும். நட்டுவாக்காலி பொந்தின் வாய் பிறை மாதிரி அகலமாக, தட்டையாக இருக்கும், நூல் இருக்காது. டரான்டுலாவின் வளைக்கு வாய் வட்டம். சுற்றிலும் வெள்ளை நூல் படிந்திருக்கும், உள்சுவருக்குத் துணி ஒட்டியது போல நூலாலேயே பூச்சு. சரிவான மண்கரையில் பாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வாயோரம் மயிரடர்ந்த கால்நுனிகள் மட்டும் தெரியும், ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், அதிர்வு பட்டு உள்ளே போய்விடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படி மண்ணில் குடியிருக்கும் திரிக்மோபியஸ், ஹாப்லோகிளாஸ்டஸ் என்கிற டரான்டுலா வகைகள் பெரும்பாலும் குண்டு உடம்பு, மண்ணோடு மண்ணாகத் தெரிகிற பழுப்பு நிறம்.

படி 3: மரம். இப்போது டார்ச்சை மேலே தூக்குங்கள். வயசான புளியமரம், பட்டை பிளந்த மரம், பொந்து விழுந்த மரம். மரத்தில் வாழ்வது பொய்சிலோதேரியா என்கிற டரான்டுலா பேரினம்; உடம்பு தட்டை, கால் நீளம், மரப்பட்டை மாதிரி சாம்பல் கோலம். சீண்டினால் முன்னங்காலைத் தூக்கும், அடிப்பக்கம் பளீரென்று மஞ்சள் தெரியும். ராமேஸ்வரத்தில் ஒரு கோயில் பெயரையே தாங்கி, 2004-ல் அறிவியலுக்கு அறிமுகமான இனம் ஒன்று உண்டு. நீல நிறத்தில் ஜொலிக்கும் இன்னொன்று ஆந்திராவின் கூட்டி என்ற ஊரில் கிடைத்தது, 1899-ல் விவரிக்கப்பட்டது; அதன் சொந்தக் காடு நந்தியாலா பக்கம், ரயிலில் வந்த மரக்கட்டையோடு கூட்டிக்கு வந்திருக்கும் என்கிறார்கள். பொய்சிலோதேரியா பேரினம் முழுவதும் 2019 முதல், காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, பிடித்து விற்கிற யோசனை வேண்டாம்.

படி 4: தள்ளி நில்லுங்கள். யூடியூபில் கையில் ஏற்றி விளையாடுவது பெரும்பாலும் மெக்சிகோ, சிலி வகைகள். தென்னமெரிக்க மழைக்காட்டின் கோலியாத் என்கிற டரான்டுலா சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும், தரையில் வளையில்தான் வாழும், கோபம் வந்தால் வயிற்று மயிரை உதறி நம் தோலையும் கண்ணையும் அரிக்க வைக்கும். நம்ம ஊர் வகைகளுக்கு அந்த வித்தை கிடையாது, ஓட வழியில்லை என்றால் நேராகக் கடிதான். பொய்சிலோதேரியா கடித்தால் தசை இழுத்துப் பிடிக்கும், கைமருந்து பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், வளைக்குள் தண்ணீர் ஊற்றி வெளியே கொண்டுவராதீர்கள். உள்ளே இருக்கிற பெண் சிலந்தி பதினைந்து வருஷம்கூட வாழும், அதற்கு உங்கள் பையன் வயசு ஆகியிருக்கலாம். படம் எடுத்த இடத்தைப் பொதுவில் போடாமல், பக்கத்து மரத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி போய்ப் பாருங்கள், அனேகமாக அங்கேயே இருக்கும்.