பழைய லினக்ஸ் சர்வரோடு விஎஸ் கோட் இணைய மறுக்கும்போது

பினாங்கின் பாயான் லெப்பாஸில் சில்லு வடிவமைப்பு வேலை பார்க்கும் எங்கள் குழுவில், ஒரு திங்கட்கிழமை காலை, பக்கத்து மேசையில் இருக்கும் தம்பி எழுந்து வந்து, "அண்ணே, வெள்ளிக்கிழமை நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப சர்வருக்குள்ளேயே போக முடியல" என்றார். நிரல் எழுத அவர் பயன்படுத்தும் எடிட்டரான விஷுவல் ஸ்டூடியோ கோட் (விஎஸ் கோட்), சர்வரில் உள்ள ஜிலிப்சி (glibc) என்ற லினக்ஸின் அடிப்படை நூலகம் போதிய பதிப்பில் இல்லை என்று ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு நின்றுவிட்டிருந்தது. சர்வரில் யாரும் கை வைக்கவில்லை. வார இறுதியில் புதுப்பிக்கப்பட்டது அவருடைய மடிக்கணினியில் இருந்த எடிட்டர் மட்டுமே.

தொலைவில் உள்ள இயந்திரத்தோடு பாதுகாப்பாக இணைக்கும் ரிமோட் எஸ்எஸ்ஹெச் (Remote-SSH) என்ற நீட்சி வழியாக நாம் இணையும்போது, எடிட்டர் தன்னுடைய பதிப்புக்குப் பொருந்தும் ஒரு சிறு சர்வர் நிரலை அந்தத் தொலை இயந்திரத்தில், நம் முகப்பு அடைவுக்குள் மறைந்திருக்கும் ஒரு கோப்புறையில் நிறுவி இயக்குகிறது. அந்த நிரல், ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் ஜேஎஸ் என்ற தளத்தின் மீது ஓடுகிறது. அண்மைய நோட் ஜேஎஸ் பதிப்புகளுக்கு ஜிலிப்சி 2.28 வேண்டும். அதனால்தான் நம் பக்கத்தில் நிகழும் புதுப்பிப்பு, எவரும் தொடாத சர்வரின் இணைப்பை முறிக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விஎஸ் கோடின் 1.86 பதிப்பிலேயே இந்தச் சிக்கல் வெடித்தது. எதிர்ப்பு வலுத்ததால் 1.86.1-இல் பழைய இயந்திரங்களுக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. 2025 ஏப்ரலில் வந்த 1.99 பதிப்போடு அந்த அவகாசமும் முடிந்தது.

முதலில், எடிட்டரை விட்டுவிட்டு, சாதாரண முனையத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் மூலம் உள்ளே செல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கடவுச்சொல்லிலோ வலையமைப்பிலோ குறையில்லை. அங்கேயே எல்டிடி கட்டளையை வெர்ஷன் தெரிவோடு (ldd --version) இயக்கினால், முதல் வரியின் இறுதியில் ஜிலிப்சியின் எண் தெரியும். தம்பியின் திரையில் 2.17 என்று வந்தது. அது சென்ட் ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் இயங்குதளம். உபுண்டு 18.04 ஆக இருந்தால் 2.27 என்று வரும். ஒரே ஒரு படி குறைவுதான் என்றாலும் அதுவும் போதாது. டெபியன் 10, ரெட் ஹேட் 8 ஆகியவை 2.28 கொண்டவை என்பதால் இந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை.

இந்த எண்ணைக் கண்டதும் பலருக்கும் எழும் எண்ணம், சர்வரின் ஜிலிப்சியையே புதிதாக மாற்றிவிடலாம் என்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த இயந்திரத்தின் ஏறக்குறைய எல்லா நிரல்களும் அந்த நூலகத்தின் மீதே நிற்கின்றன; இடையில் ஏதேனும் பிசகினால், கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூட ஓடாமல், பிழையைத் திருத்த மீண்டும் உள்ளே நுழையவும் வழியில்லாமல் போகலாம். இருபது பேர் பகிரும் சர்வரில் அது ஒருவருடைய சிக்கலை இருபது பேருக்கும் பரப்பிவிடும்.

அன்றைய வேலை நிற்காமல் இருக்க, 1.98 பதிப்புக்குத் திரும்புவதே விரைவான வழி. விண்டோஸில் அப்பதிப்பின் ஜிப் கோப்பைத் தனி இடத்தில் விரித்து, அதற்குள் டேட்டா (data) என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கினால், அது தன் அமைப்புகளையும் நீட்சிகளையும் அங்கேயே வைத்துக்கொண்டு தனித்து இயங்கும், தானாகவும் புதுப்பித்துக்கொள்ளாது. மற்ற வேலைகளுக்குப் புதிய பதிப்பையே வைத்துக்கொள்ளலாம் என்பதால் நான் இந்த முறையையே விரும்புகிறேன். பழையதில் ரிமோட் எஸ்எஸ்ஹெச் நீட்சி தானாகப் புதுப்பிக்கப்படுவதையும் மறவாமல் நிறுத்துங்கள். ஆனால் பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. சில வாரங்களுக்கான ஏற்பாடாகவே இதைக் கருத வேண்டும்.

நீண்ட நாள் பழைய இயங்குதளத்திலேயே இருக்க வேண்டியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஜிலிப்சி 2.28 அடங்கிய ஒரு சிஸ்ரூட்டை, அதாவது தனி நூலகத் தொகுப்பை, கிராஸ்டூல் என்ஜி (crosstool-NG) என்ற கருவி கொண்டு உருவாக்கி, சர்வரில் நம் சொந்தக் கோப்புறையில் வைத்து, ஒரு நிரல் எந்த நூலகத்தைத் தேட வேண்டும் என்பதை மாற்றும் பேட்ச்எல்ஃப் (patchelf) கருவியின் 0.18 பதிப்பையும் அங்கே நிறுவ வேண்டும். பிறகு அந்த சிஸ்ரூட்டின் இணைப்பி (நூலகங்களை நிரலோடு இணைப்பது), அதன் நூலகங்கள், பேட்ச்எல்ஃப் ஆகிய மூன்றின் பாதைகளையும் அதற்கென உள்ள மூன்று சூழல் மாறிகளில் குறித்தால், எடிட்டரின் சர்வர் நிரல் மட்டும் புதிய நூலகத்தைப் பயன்படுத்தும். இயந்திரத்தின் நூலகம் அப்படியே இருக்கும். விஎஸ் கோடை வெளியிடும் மைக்ரோசாஃப்ட் இதை அதிகாரப்பூர்வ ஆதரவுள்ள வழியாகக் கருதுவதில்லை என்பதையும் அறிந்தே இறங்குங்கள்.

கோப்புகளைத் திருத்துவது மட்டுமே தேவை என்றால், எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் (SSHFS) என்ற கருவி மூலம் தொலைக் கோப்புறையை நம் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். பெரிய கோப்புறைகளில் தேடல் மெதுவாகும்.

சர்வரை மேம்படுத்துமாறு தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதும்போது, "எடிட்டர் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் அந்தக் கடிதம் அடியில் போய்விடும். எல்டிடி காட்டிய எண்ணையும், சென்ட் ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். எங்கள் தம்பியின் கடிதத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படித்தான் எழுதினோம்.