ஊர்த் தலைவாசல் நடுகல்லைச் சுற்றிப் பூங்கா அமைக்கும் முறை

கொங்கு நாட்டில் பல ஊர்களின் தலைவாசலிலோ பொது இடத்து வேப்பமரத்தடியிலோ ஒரு நடுகல் நிற்கிறது. ஆநிரை மீட்கும் பூசலில் மாண்ட வீரனுக்கோ, பட்டிக்கு வந்த புலியைக் குத்திக் கொன்று தானும் உயிர்விட்டவனுக்கோ ஊரார் நட்ட நினைவுக்கல் அது. பெயர் மறந்த பின்பும் வேட்டைக்காரசாமி என்று பொங்கல் வைத்துக் கும்பிட்டு வந்ததால்தான் அத்தகைய கற்கள் பலவும் பிழைத்திருக்கின்றன. அவ்விடத்தைப் பூங்காவாக்க ஊர் முடிவுசெய்தால், கடப்பாறையைத் தொடுவதற்கு முன் கல்லைப் படிக்க வேண்டும்.

இரவில் டார்ச் விளக்கைக் கல்லின் விளிம்பையொட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். உச்சிவெயிலில் வெறும் பாறையாகத் தெரிந்த பரப்பில் வீரனின் சாய்ந்த கொண்டையும், பின்னங்காலில் எழுந்து நிற்கும் புலியும், அதன் உடலில் பாய்ந்த ஆயுதமும் நிழலோடு எழுந்து வரும். அடுக்கடுக்காகச் செதுக்கிய கல்லானால் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்: அடியில் போர், நடுவில் வீரனை அழைத்துச் செல்லும் தேவமகளிர், உச்சியில் அவன் சேர்ந்த மேலுலகம். பழைய கற்களில் வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்து இருக்கலாம். மாட்டு மந்தையைக் குறிக்கும் ‘தொறு’, இறந்தான் என்று பொருள்படும் ‘பட்டான்’ ஆகிய சொற்களைத் தேடுங்கள். எழுத்தின் சாயல் தெரிந்தாலே படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்து, அவர்கள் வந்து படியெடுக்கும் வரை வேலையை நிறுத்திவையுங்கள்.

கல்லை இடம் மாற்றக் கூடாது. எனாமல் பூச்சும் சிமெண்டும் ஆகாது. பூச்சு எழுத்தின் பள்ளங்களை அடைக்கும், சிமெண்டு ஈரத்தைப் பிடித்துவைத்துக் கல்லை உதிரச் செய்யும். தூசியை அகற்றத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். எல்லாவற்றையும்விடத் தரைமட்டத்தை உயர்த்தாதீர்கள். எங்கள் பக்கத்து ஊரொன்றில் மண் கொட்டி டைல்ஸ் பதித்ததில் அடித்தட்டு முழுவதும் புதைந்து, புலியின் காது மட்டும் தளத்துக்கு மேலே தெரிகிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை. மழைநீர் கல்லிலிருந்து விலகி ஓடும்படி சரிவு கொடுத்தால் போதுமானது.

வழிபாட்டை நிறுத்தச் சொல்வது சரியன்று. விளக்கையும் எண்ணெய்க் காப்பையும் முன்னால் தனியாக நடும் ஒரு சிறு கல்லுக்கு மாற்றலாமா என்று பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பொறுமையாகப் பேசிப் பாருங்கள்.

ஆலும் அரசும் வேரால் கல்லைப் பெயர்த்துவிடும் என்பதால் அருகில் வைக்க வேண்டாம். கொறங்காடு என்று நாம் சொல்லும் மேய்ச்சல் நிலத்துக் கிளுவை வேலியும், கொழுக்கட்டைப் புல்லும், தள்ளி நிழல் தரும் ஒரு வெள்வேல மரமும் வைத்தால் தண்ணீர்ச் செலவு குறையும். மாட்டைக் காக்க மாண்டவனின் இடத்துக்கு மேய்ச்சல் நிலத்தின் செடிகளே பொருத்தம் என்பது என் எண்ணம்.

அறிவிப்புப் பலகையில் கல் சொல்வதை மட்டும் எழுதுங்கள்; சான்று இல்லாமல் எந்த அரசனின் பெயரையும், எந்தக் குலத்தின் பெயரையும் சேர்க்காதீர்கள். எழுத்தில்லாத கல்லானால், ‘புலியோடு பொருது மாண்ட, பெயர் தெரியாத வீரன்’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.