கையெழுத்து யாருடையது என்று பாருங்கள்

பன்னிரண்டு ஆண்டுகளாக ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன். ஒரு வசனம் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று குறித்துக் குறித்தே பழகிய கண் என்னுடையது. ஹாலிவுட்டின் செயற்கை நுண்ணறிவுக் குழப்பங்களைச் சொல்லும் நகைச்சுவைத் தொடர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். நீங்களும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை வயிறு குலுங்கச் சிரித்துவிடுங்கள். இரண்டாம் முறை நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தைத் தேட வேண்டாம். பெரும்பாலும் அது கதையில் வாயே திறக்காது. அனுமதி கேட்டது யார், கொடுத்தது யார் என்பதைக் குறியுங்கள்.

பழகுவதற்கு '30 ராக்' தொடரில் 2007 அக்டோபரில் வந்த 'சைன்ஃபெல்ட்விஷன்' என்ற பகுதியைச் சொல்வேன். என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியின் நிர்வாகி ஜாக் டோனகி, நகைச்சுவை நடிகர் ஜெர்ரி சைன்ஃபெல்டின் பழைய காட்சிகளை வெட்டியெடுத்து, கணினி உதவியால் தன் அலைவரிசையின் மற்ற நிகழ்ச்சிகளுக்குள் நுழைத்துவிடுகிறார். சைன்ஃபெல்டிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜாக் தன் திட்டத்தை விளக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, ஜாக்காக நடிக்கும் அலெக் பால்ட்வினின் முகத்தைப் பாருங்கள். திருடிய தயக்கம் துளியும் இல்லை, பெருமிதம் மட்டுமே. ஒளிப்பதிவு நம்முடையது என்றால் அதிலுள்ள முகமும் நம்முடையதே என்று அவர் மனதார நம்புகிறார். சிரிப்பு பிறப்பது அந்த நம்பிக்கையில்தான். 2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கும் அதே நம்பிக்கை ஒரு காரணம். ஒருவரின் டிஜிட்டல் நகலை உருவாக்கவும் பயன்படுத்தவும் அவருடைய சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்ற விதிகளை அந்தப் போராட்டம்தான் ஒப்பந்தத்தில் ஏற்றியது.

அடுத்து, நகல் நடிக்கும்போது அசல் மனிதர் எங்கே இருக்கிறார் என்று எழுதுங்கள். 'போஜாக் ஹார்ஸ்மேன்' அனிமேஷன் தொடரின் இரண்டாம் பருவத்தில் (2015) நடிகன் போஜாக் படப்பிடிப்பை விட்டு ஓடிவிடுகிறான். திரும்பி வந்தால், அவனுடைய கணினி உருவத்தை வைத்தே படத்தை முடித்திருக்கிறார்கள். மூன்றாம் பருவத்தில் அந்த நடிப்புக்காக ஆஸ்கர் கேட்டு ஊர் ஊராகச் சுற்றுகிறான். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பே வருவதில்லை. அவன் வாழ்நாளெல்லாம் ஏங்கிய வேடம் அது.

ஒவ்வொரு பேச்சுக்கும் எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்றும் அளந்து பாருங்கள். 'தி ஸ்டுடியோ' (2025) தொடரின் ஏழாம் பகுதியில், கறுப்பின ராப் பாடகரும் நடிகருமான ஐஸ் கியூப்பை ஒரு படத்தில் நடிக்கவைத்தால் இனவெறி என்பார்களோ என்று ஸ்டுடியோ நிர்வாகிகள் கிட்டத்தட்ட கடைசிவரை மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ரசிகர் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுகிறது: அந்தப் படத்தின் அனிமேஷனைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தீர்களா? அரங்கமே கொதித்தெழுகிறது. வேலை இழக்கும் கலைஞர்களைப் பற்றி அந்த நிர்வாகிகளில் யாரும் இவ்வளவு கவலைப்படவில்லை என்பதை உங்கள் நோட்டே காட்டிவிடும்.

கடைசியில் பெயர்ப் பட்டியலைத் தவிர்க்காதீர்கள். 'சௌத் பார்க்' தொடரில் 2023 மார்ச்சில் வந்த 'டீப் லேர்னிங்' பகுதியின் எழுத்தாளர்கள் டிரே பார்க்கரும் சாட்ஜிபிடியும் என்று போட்டார்கள். அதே ஆண்டு 148 நாள் போராடிய அமெரிக்க எழுத்தாளர் சங்கம் பெற்ற ஒப்பந்தம், இயந்திரத்தை எழுத்தாளராக ஏற்பதில்லை. எழுதக் கொடுக்கும் பிரதியில் இயந்திரம் உருவாக்கியது எதுவும் இருந்தால், நிறுவனம் அதை முன்கூட்டியே எழுத்தாளரிடம் சொல்லவும் வேண்டும்.

இந்த விதியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. சென்ற ஆண்டு ஓர் ஏஜென்சி, "சின்னச் சின்னத் திருத்தம்தான்" என்று பாதிக் கூலிக்கு ஒரு கோப்பு அனுப்பியது. திறந்தால், ஒரே காட்சியில் தாய் மகளை 'நீ' என்கிறாள், அடுத்த வரியில் 'நீங்கள்', மறுபடி 'நீ'. மனிதர் எழுதியது அல்ல என்று மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. மூன்று இரவு உட்கார்ந்து முழுவதையும் புதிதாக எழுதினேன். அதன்பிறகு எந்த வேலையையும் ஏற்கும் முன், இயந்திரம் எழுதிய பிரதியா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகே கோப்பைத் திறக்கிறேன்.