காலியாக இருக்கிறதென்று தேர்டைப் போட்டு நிரப்பாதீர்கள்

போன மாதம் ஒரு இளம் ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இடைக்கால ஐரோப்பியத் தேவாலய இசையை வைத்து இன்டர்வல் (இரண்டு ஸ்வரத்துக்கு நடுவிலுள்ள தூரம்) சொல்லித்தரப் போகிறேன், வந்து பாருங்கள் சார் என்று கூப்பிட்டிருந்தார். நல்ல யோசனைதான். நானும் பல வருடமாக அந்த வழியில்தான் தியரி நடத்துகிறேன். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்), இன்வர்ஷன், டாமினன்ட் செவன்த் என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் விரல் கணக்குப் போடக் கற்றுக்கொள்வார்கள். காது அப்படியே தூங்கும். இரண்டே குரலை வைத்து ஆரம்பித்தால் ஒரு ஸ்வரம் இன்னொன்றை என்ன செய்கிறது என்பது நேராகக் காதில் விழும்.

ஆனால் அரை மணி நேரத்துக்குள், நான் முதல் இரண்டு வருடம் செய்த அத்தனை தப்பையும் அவர் ஒன்றுவிடாமல் செய்து முடித்தார். க்ளெஃபை இடம் மாற்றிப் போடுவது, கிரெகோரியன் சான்ட்டுக்கு (தாளக் கட்டு இல்லாத ஒற்றைக்குரல் தேவாலயப் பாட்டு) மெட்ரோனோம் தட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை சில இருக்கின்றன.

பேரலல் ஃபிஃப்த் கூடாது என்று தொடங்குவது

இரண்டு குரல் ஃபிஃப்த் (ச–ப) தூரத்திலேயே இணையாக நகரக் கூடாது என்ற இந்த விதி கிரேடு தேர்வுக்குப் படித்தவர்களுக்குப் பல்லவி மாதிரி மனப்பாடம். ஆனால் பல குரல் பாடுவதைச் சொல்லித்தரும் மிகப் பழைய நூல்களில் ஒன்றான, 9ஆம் நூற்றாண்டின் ‘முசிகா என்கிரியாதிஸ்’, ஃபோர்த்தும் ஃபிஃப்த்தும் இணையாக நகர்வதைத்தான் பாடமாகவே வைத்திருக்கிறது. தடை பல நூற்றாண்டு கழித்து வந்தது. முதலில் பாடவிடுங்கள். இரண்டு குரல் போய் ஒரே தடித்த குரலாகிவிடுவதைப் பிள்ளைகளே கேட்பார்கள். அதன்பின் விதியைச் சொன்னால் காரணத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அதே நூலில் எனக்குப் பிடித்த உத்தி ஒன்று உண்டு. ஃபோர்த்தில் இணையாகப் போனால் எங்காவது ஒரு இடத்தில் ட்ரைடோன் (மூன்று முழு ஸ்வர தூரம், காதுக்குக் கடுமையானது) வந்து இடிக்கும். இடிக்காமலிருக்கக் கீழ்க்குரல் நகராமல் நிற்கும். இருவரும் ச-வில் சேர்ந்து தொடங்குவார்கள். மேல்குரல் ரி, க, ம என்று ஏறும்போது கீழ்க்குரல் ச-விலேயே இருக்கும். ச–ம என்று ஃபோர்த் திறந்த பிறகு இரண்டும் சேர்ந்து ரி–ப, க–த என்று நடக்கும். முடிவில் மறுபடி ஒரே ஸ்வரம். யூனிசன் (ச–ச), செகண்ட் (ச–ரி), தேர்ட் (ச–க), ஃபோர்த் (ச–ம) நான்கும் நான்கே ஸ்வரத்தில் வந்துவிட்டன. ஒரு மாதப் பாடம் அது.

தேர்டைத் திணிப்பது

இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்க வைப்பது இது ஒன்றுதான்.

கியோம் த மஷோ 14ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் ரீம்ஸ் நகரில் வாழ்ந்த இசையமைப்பாளர். அவருடைய ‘மெஸ் த நோத்ர் தாம்’ என்ற வழிபாட்டு இசை நான்கு குரலுக்கானது. அதன் ‘கிரியே’ பகுதி வந்து நிற்கும் இடம் டி–ஏ–டி (டி-யை ச என்றால் ச–ப–ச). நடுவில் தேர்ட் கிடையாது. நம் இளைஞர் அந்தக் கடைசி ஸ்வரத்தில் கீபோர்டில் எஃப் ஷார்ப்பையும் (டி-யின் தேர்ட்) சேர்த்து அழுத்தினார். பளிச்சென்று டி மேஜர். பிள்ளைகள் முகமெல்லாம் மலர்ந்தது. வகுப்பு முடிந்ததும் ஏன் என்று கேட்டேன்.

“காலியா இருந்துச்சு சார். சும்மா ஒரு தேர்ட் போட்டு நிரப்பினேன்.”

கோபம் வந்திருக்கக் கூடாது. இதே வார்த்தையை நானும் சொன்னவன். ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காக எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு இடைக்காலப் பாணியில் பாடம் எடுத்தேன். ஒவ்வொரு முடிவிலும் தேர்டை நானே சேர்த்து எழுதிக் கொடுத்தேன். நிகழ்ச்சி கைத்தட்டலோடு முடிந்தது. ஜனவரியில் ஒரு மாணவி கேட்டாள்: “சார், கடைசிக்கு முந்தினதும் நல்லாத்தானே இருக்கு. அங்கேயே நிறுத்தினா என்ன?” என்னிடம் பதில் இல்லை. மூன்று மாதம் நான் நடத்தியது எல்லாம் அந்தக் கேள்வியில் கரைந்துபோனது.

என்ன நடந்தது என்று பாருங்கள். அந்தக் காலத்து முடிவில் கடைசிக்கு முன்னால் இ, ஜி ஷார்ப், சி ஷார்ப் என்று மூன்று குரல் நிற்கும். இ–ஜி ஷார்ப் மேஜர் தேர்ட், அது விரிந்து டி–ஏ என்ற ஃபிஃப்த் ஆகும். இ–சி ஷார்ப் மேஜர் சிக்ஸ்த், அது விரிந்து டி–டி என்ற ஆக்டேவ் ஆகும். கீழ்க்குரல் ஒரு முழு ஸ்வரம் இறங்க, மேலிரண்டும் அரை ஸ்வரம் ஏறும். தேர்டும் சிக்ஸ்த்தும் ஒற்றைக்காலில் நிற்பவை. ஃபிஃப்த்தும் ஆக்டேவும் இரண்டு காலையும் ஊன்றியவை. பாட்டு ஓடுவதே அந்த வித்தியாசத்தால்தான். ஊன்றிய இடத்திலும் ஒரு தேர்டைச் செருகிவிட்டால், முன்னால் இருந்த தேர்டுக்கு நகரவேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி.

சுருதிக் கணக்கையும் கொஞ்சம் போட்டுக் காட்டுங்கள். ச-விலிருந்து பஞ்சமம் பஞ்சமமாகப் போனால் ப, ரி, த, க. நான்கு தாவல். 3/2-ஐ நான்கு முறை பெருக்கினால் 81/16. இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் 81/64. இதுதான் அவர்களுடைய மேஜர் தேர்ட், 408 சென்ட் (ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பிரிப்பார்கள்). நல்ல தம்புராவில் யாரும் மீட்டாமலே தானாகக் கேட்குமே ஒரு காந்தாரம், அது 5/4, அதாவது 386 சென்ட். இரண்டுக்கும் 22 சென்ட் தூரம். அந்த 408 ஒட்டாது, உரசும். நகர்ந்து போ என்று பிடித்துத் தள்ளும். அதோடு அவர்களுடைய அரை ஸ்வரம் 90 சென்ட்தான்; ஜி ஷார்ப் ஏற்கெனவே ஏ-யின் வாசலில் வந்து நிற்கிறது. கீபோர்டில் தேர்ட் 400, அரை ஸ்வரம் 100. உரசலும் குறைவு, இழுப்பும் குறைவு. மஷோவைக் கீபோர்டில் மட்டும் கேட்ட பிள்ளைக்கு அவர் ஏதோ கார்டை முடிக்கத் தெரியாதவர் மாதிரி தோன்றுவதில் ஆச்சரியமே இல்லை.

காலியாக இருக்கிறது என்ற புகாரும் கீபோர்டு தந்ததுதான். நாலு பேரை டி-யிலும் நாலு பேரை ஏ-யிலும் நிறுத்தி, அதிர்வு அடங்கும்வரை ‘ஆ’ பாடச் சொல்லுங்கள். ஃபிஃப்த் 702 சென்ட்டில் சரியாக உட்கார்ந்ததும், கீழ்க்குரலுக்குள்ளிருந்தே மெல்லிய காந்தாரம் ஒன்று கிளம்பும். யாரும் பாடாத ஸ்வரம். ஒரு பையன் திரும்பிப் பார்த்து “யாருடா அது?” என்றான்.

இதைச் சொன்னதும் சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுவார்கள்: இடைக்காலத்தில் தேர்டே கிடையாது என்று பலகையில் எழுதிவிடுவார்கள். அதுவும் தப்பு. 13ஆம் நூற்றாண்டில் இசை நூலாசிரியர் ஜொஹானஸ் த கார்லாந்தியா தேர்டை ‘நிறைவில்லாத இணக்கம்’ என்று இணக்கங்களின் பட்டியலில்தான் வைக்கிறார். அதே நூற்றாண்டில் பாரிஸ் இசையைப் பற்றி எழுதிய ஒருவர் (பெயர் தெரியாததால் ‘நான்காம் பெயரிலி’ என்பார்கள்), இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் தேர்டைத்தான் மிகச் சிறந்த இணக்கமாக மதிக்கிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். தேர்ட் இருந்தது. பாரிஸில் அது போய்ச் சேரும் ஊராக இல்லை, வழியில் வரும் ஊர், அவ்வளவுதான்.

தம்புராவோடு நிறுத்திக்கொள்வது

பெரோத்தா என்ற இசையமைப்பாளரின் ‘விதெருந்த் ஓம்னெஸ்’ நான்கு குரல் ஆர்கனம் (சான்ட்டின் மேல் வேறு குரல்களைச் சேர்த்துக் கட்டிய பாட்டு). பாரிஸ் பிஷப் 1198-இல் பண்டிகை வழிபாட்டில் மூன்று, நான்கு குரலில் பாட அனுமதித்த காலத்து இசை. கீழ்க்குரல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மேலே மூன்று பேர் துள்ளுவார்கள். “தம்புரா மாதிரி சார்” என்று யாராவது சொல்வார்கள். முதல் ஐந்து நிமிடத்துக்கு அந்த ஒப்புமை உதவும். அப்புறம் கீழ்க்குரல் நகரும். தம்புரா நகருமா? கீழே இருப்பது சுருதி இல்லை, நீட்டி இழுத்த பழைய சான்ட் மெட்டு. தரையே இடம் மாறுகிறது என்பதைக் கைநீட்டிக் காட்டுங்கள்.

மி–ஃபாவை விட்டுவிடுவது

11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்து குய்தோ, உத், ரே, மி, ஃபா, சோல், லா என்ற ஆறு அசையை ஒரு துதிப்பாடலிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு வரியும் ஒரு படி மேலே தொடங்கும் பாட்டு அது. இந்த ஆறில் அரை ஸ்வரம் ஒரே இடத்தில்தான், மி–ஃபாவுக்கு நடுவில். கர்நாடக முறையில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு எல்லா ரிஷபமும் ‘ரி’தான், பெயரைக் கேட்டு தூரம் தெரியாது. குய்தோவிடம் பெயரே தூரத்தைச் சொல்லிவிடும். ஒரு வாரம் இதற்கே கொடுங்கள்.

மோடு பெயர்கள்

எட்டு மோடையும் (அந்தக் காலத்து ஸ்வர வரிசைகள்) முதல் நாளே எழுதிப்போடாதீர்கள்.

ரிவெர்ப்

எதிரொலி சேர்க்கும் எஃபெக்ட். அணையுங்கள்.

மேலே கார்டு பெயர் எழுதிக் கொடுப்பது

யாராவது கேட்டால் அடுத்த டெர்மில் என்று சொல்லிவிடுங்கள்.