பழைய வெள்ளிக் குற்றி: புரூஃபா, புழக்கத்துக்கு அடித்ததா?

புத்த ஜயந்திக்காக இலங்கையில் 1957இல் வெளியிடப்பட்ட வெள்ளி ஐந்து ரூபாக் குற்றி ஒன்றை, கண்ணாடியில்போல அதில் என் முகம் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக, கொழும்புப் புறக்கோட்டையில், புரூஃப் எனப்படும் தனி முறையில் அடித்த நாணயத்துக்குரிய விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் அது மெருகேற்றப்பட்ட சாதாரணப் புழக்க நாணயம் என்று தெரிந்தது. பணம் கொடுக்குமுன் நான் செய்திருக்க வேண்டிய சோதனைகளை, செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே இங்கு தருகிறேன்.

முதலில், புரூஃப் என்பது நாணயம் எவ்வளவு புதிதாக இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல் அல்ல. அது அடிக்கப்பட்ட முறையின் பெயர். மெருகிட்ட அச்சுகளுக்கிடையே மெருகிட்ட வில்லையை (இன்னும் அடிக்கப்படாத வெற்று உலோக வட்டை) வைத்து, நிதானமாக, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தி எடுப்பது புரூஃப். புழக்க நாணயம் ஒரே அடியில், அடுத்தடுத்து ஆயிரக்கணக்கில் வெளிவருவது. ஆகவே தேய்ந்துபோன புரூஃபும் புரூஃப்தான். தராசும் இங்கு உதவாது. மேற்சொன்ன ஐந்து ரூபா எந்த முறையில் அடிக்கப்பட்டிருந்தாலும் 92.5 சதவீத வெள்ளிதான், 28.28 கிராம்தான்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றும் ஒற்றைக் குமிழ் மேசை விளக்கும் போதும். டியூப் லைட்டின் பரந்த வெளிச்சத்தில் எல்லா வெள்ளியும் ஒரே மாதிரித் தெரியும். மேசையில் துவாயை விரித்து, நாணயத்தை விளிம்பில் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: நாணயத்தை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். தேயாத புழக்க நாணயத்தில், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஒளிக்கீற்றுகள் மையத்தைச் சுற்றி ஓடும். அடி விழும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடிய நுண்ணிய வரிகளே இதற்குக் காரணம். புரூஃபில் அந்த ஓட்டம் இராது. உருவமோ எழுத்தோ இல்லாத வெறுந்தளம் முழுவதும் ஒரு கோணத்தில் கறுத்தும் மறுகோணத்தில் பளிச்சென்றும் மாறும்.

படி 2: விளிம்பைப் பாருங்கள். புரூஃபில் அது கத்தியால் வெட்டியதுபோல் நேராக நிற்கும். விளிம்பின் உட்புறமாகச் சுற்றியுள்ள சிறு மணிப்பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

படி 3தான் என்னைக் காப்பாற்றியிருக்கும். 1892ஆம் ஆண்டு விக்டோரியா ஐம்பது சதத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டில் வரும் 8, 9 ஆகிய இலக்கங்களின் வயிற்றுக்குள்ளும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட 'சிலோன்' என்ற சொல்லின் 'ஓ' எழுத்துக்குள்ளும் லென்ஸால் பாருங்கள். நாணயத்தின் வெறுந்தளம் அச்சில் மேடான சமதளமாக இருப்பதால், அச்சுக்கு மெருகிடும்போது எழுத்துக்குள் அடைபட்ட அந்தச் சிறு இடமும் சேர்ந்தே மெருகேறும். எனவே உண்மையான புரூஃபில் அங்கும் கண்ணாடிப் பளபளப்பு இருக்கும். நாணயம் வெளிவந்த பிறகு மெருகிட்டவரின் துணியோ, ஒருவேளை அம்மம்மாவின் திருநீறோ, அந்த இடுக்குக்குள் போகாது. வெளியே கண்ணாடி, எழுத்தின் வயிற்றுக்குள் மங்கல் என்றால் விலையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. என்னுடைய குற்றியில் எழுத்துகளின் தலைகள்கூட வழுவழுவென்று உருண்டிருந்தன.

படி 4: மயிரிழைக் கோடுகள். அச்சுக்கு மெருகிட்டபோது விழுந்த கோடுகள் நாணயத்தில் மேடாகத் தோன்றும். எழுத்தின் ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிடும். துடைத்ததால் விழுந்த கீறல்கள் பள்ளமானவை. எழுத்தின்மீதும் ஏறிக் கடந்து போகும்.

இத்தனைக்குப் பிறகும் சில நாணயங்கள் குழப்பும். புது அச்சிலிருந்து வந்த முதற்சில புழக்க நாணயங்களின் தளமும் ஓரளவு பளபளக்கும். அவற்றில் விளிம்பின் கூர்மையும் உருவத்தின் நுணுக்கமும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மறுபக்கம், ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்காக 1902இல் பிரித்தானியா வெளியிட்ட புரூஃப் நாணயங்களில் கண்ணாடியே கிடையாது. அவை வேண்டுமென்றே மங்கலாக முடிக்கப்பட்டவை. செட்டியார் தெரு நகைக்கடைகளில் பதக்கமாக இருந்து திரும்பிவந்த நாணயமாயின், மேல்விளிம்பில் பற்றவைத்த தடத்தையும் தேடுங்கள்.

உங்கள் குற்றி நான்கு படிகளையும் தாண்டினால், அதைத் துடைக்க வேண்டாம். கொழும்பின் ஈரக்காற்றில் வெள்ளி கறுக்கத்தான் செய்யும். அந்தக் கறுப்பை அப்படியே விட்டு, பிவிசி அல்லாத உறையில் இட்டு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டுவையுங்கள்.