கண்ட்ரோல்-சி அமுக்கினால் கட்டளைதான் சாகணும், ஷெல் அல்ல

பைத்தானின் சிஎம்டி (cmd) மாட்யூலில் ஒரு குட்டி ஷெல் எழுதினேன், அதாவது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம். எழுத ஒரு சாயங்காலம்தான் ஆனது. ஓடும் கட்டளையை நிறுத்தும் கண்ட்ரோல்-சிக்கு டெஸ்ட் எழுதத்தான் இரண்டு நாள் போனது.

முதலில் கையாலேயே அமுக்கிப் பாருங்கள். காலி பிராம்ப்டில் (ஷெல் கட்டளைக்குக் காத்திருக்கும் வரியில்) ஒருமுறை, பாதி வரி தட்டிவிட்டு ஒருமுறை. இரண்டிலும் புது வரியில் பிராம்ப்ட் வர வேண்டும். என்னுடையது டிரேஸ்பேக்கைக் கொட்டிவிட்டு வெளியேறியது. கண்ட்ரோல்-சி அமுக்கினால் பைத்தான் கீபோர்டுஇன்டரப்ட் என்ற எக்ஸெப்ஷனை எழுப்பும்; கட்டளைகளை வாங்கிக்கொண்டே இருக்கும் சிஎம்டிலூப் அதைத் தானாகப் பிடிக்காது. ஒரு வைல் லூப்புக்குள் ட்ரை போட்டு நாம்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் தானியங்கி டெஸ்ட். ஒரு பாஷ் ஸ்கிரிப்டில் ஷெல்லை '&' போட்டுப் பின்னணியில் ஓடவிட்டு, 'கில் -2' அனுப்பினேன்; கண்ட்ரோல்-சி அனுப்புவதும் இதே 2-ஆம் எண் சிக்னல்தான். அசையவே இல்லை! ஸ்கிரிப்டில் '&' போட்டுக் கிளப்பும் புரோகிராமுக்கு பாஷ் அந்த சிக்னலை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது; அடைத்திருப்பதைப் பார்த்தால் பைத்தானும் கை வைக்காது. போதாததற்கு, 'கில்' ஒரே ஒரு பிராசஸுக்குத்தான் போகும். விசையை அமுக்கினால் முன்னால் ஓடும் குரூப் முழுவதற்கும் போகும். ஆக, இது சரியான சோதனையே இல்லை.

பொய் டெர்மினல் ஒன்று வேண்டும். நான் பிடித்தது பெக்ஸ்பெக்ட் (pexpect), பொய் டெர்மினலில் புரோகிராமை ஓட்டிப் பேசும் பைத்தான் லைப்ரரி. அதில் ஷெல்லைக் கிளப்பி, பிராம்ப்டுக்குக் காத்திருந்து, கட்டளை அனுப்பி, சென்ட்இன்டர் கூப்பிட்டால் நிஜமாக விசையை அமுக்கியது போலத்தான். அவசரப்பட்டால் கட்டளை கிளம்பும் முன்பே சிக்னல் போய்விடும். அதனால் 'தயார்' என்று அச்சடித்துவிட்டு 100 நொடி தூங்கும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி, அந்தச் சொல் வந்த பிறகே அமுக்குங்கள். அந்தச் சொல் கட்டளை வரியில் இருக்கவே கூடாது. டெர்மினல் நாம் தட்டியதையே திருப்பிக் காட்டும், பெக்ஸ்பெக்ட் அதைப் பார்த்து ஏமாந்துவிடும். அரை நாள் இதில் போச்சு.

பிராம்ப்ட் திரும்பியதும், தூங்கிய பிராசஸ் போய்விட்டதா என்று, ஓடும் பிராசஸ்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' போட்டுப் பாருங்கள். இப்படிச் செத்த கட்டளைக்கு பாஷில் எக்ஸிட் கோட் 130, அதாவது 128 கூட்டல் சிக்னல் எண் 2. பைத்தானின் சப்பிராசஸ் அதையே -2 என்று தரும்.

கடைசியாக, உங்கள் ஷெல்லுக்குள் பைத்தானையே திறந்து கண்ட்ரோல்-சி அமுக்குங்கள். அது சாகாமல் '>>>' காட்ட வேண்டும். சப்பிராசஸின் ரன் ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தால், கால் நொடி பொறுத்துவிட்டு அதைக் கொன்றுவிடும். அதற்குப் பதில் சப்பிராசஸின் பொப்பென் (Popen) போட்டு, எக்ஸெப்ஷன் வந்தாலும் விடாமல் வெயிட் செய்தபின்தான் என் ஷெல் இதில் பாஸானது.